ரஹீமாக்கா பெயருக்கு மட்டும் இரண்டு கூடியது

பேய், ஜாதகம், நேரம் காலம் எதையும் நம்பாதவள் நான். மகன் கவின் பிறந்தபோது ஜாதகமே எழுதக் கூடாது என்று மாமியாரோடு சண்டை போட்டவள். கம்ப்யூட்டர் படித்து, இருபது வருடமாக அதிலேயே வேலை செய்கிறேன். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

திருப்பூரில் வீட்டிலிருந்தே வேலை. ரகசியத் தகவல்களைப் பூட்டி அனுப்பும் ஒரு மென்பொருளைப் பராமரிக்கும் குழுவில் இருக்கிறேன். அதற்குள் ஒவ்வொரு வகை பிராசஸருக்கும் தனியாக, அதன் மொழியிலேயே கையால் எழுதிய பகுதிகள் உண்டு. இப்போது யாரும் பயன்படுத்தாத பிராசஸர்களுக்கானவற்றை நீக்குவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. அந்தப் பகுதிகளுக்கு ஒரு விதி உண்டு. எந்தச் சொல்லைச் சாவியாகக் கொடுத்தாலும் ஒரே நேரம்தான் பிடிக்க வேண்டும். ஒரு சொல்லுக்குக் கூடவும் இன்னொன்றுக்குக் குறையவும் பிடித்தால், அந்த நேரத்தை அளந்தே திருடன் சாவியை ஊகித்துவிடுவான். நீக்குவதற்கு முன் கடைசியாக ஒருமுறை அளந்து, அந்த அளவையும் சேர்த்து அனுப்புவது எங்கள் குழுவில் வழக்கம்.

அப்படியொரு பழைய பிராசஸர் உள்ள கம்ப்யூட்டர் ஒன்று என் கணவரின் பனியன் கம்பெனியில் லேபிள் அச்சடிக்கக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தேன். சாவியாகத் தாறுமாறான எழுத்துகளைத்தான் கொடுக்க வேண்டும், நான் சோம்பல்பட்டு சுவரில் ஒட்டியிருந்த வருகைப் பட்டியலைப் பார்த்துப் பெயர்களை அடித்தேன். பிராசஸரின் நேரத்தைத் துடிப்புக் கணக்கில் எண்ணுவோம். எல்லாப் பெயருக்கும் 812 துடிப்பு வந்தது. செக்கிங் மேஜை ரஹீமாக்காவின் பெயருக்கு மட்டும் 814. ஓர் எழுத்தை மாற்றினால் 812, சரியாக அடித்தால் மறுபடி 814. பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனபோது ரஹீமாக்காவே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க்கா, வாட்ச்மேன் சொன்னாரு, லீவு நாள்ல எங்க பேரையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்களாமா? வேலைய விட்டுத் தூக்கறதுக்குங்களா?"

"அட, இல்லீங்க. சும்மா ஒரு டெஸ்ட். உங்க பேரு மட்டும் கொஞ்சம் மெதுவாப் போச்சு."

"நானே மெதுவாத்தானுங்க போறேன், இந்த முட்டிய வெச்சுட்டு. என் பேரு மட்டும் ஓடுமாக்கும்" என்றார். மேஜையே சிரித்தது.

செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பனியனை உட்புறம் திருப்பித் தையல் பார்த்தபடியே அந்த மேஜையில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள்.

அன்று சாயங்காலம் அந்தக் கம்ப்யூட்டர் முன் மறுபடி உட்கார்ந்தேன். என் பெயர், 812. கணவர் பெயர், 812. கவின் பெயரை அடிக்கக் கூடாது என்று எழுந்து வாசல் வரை போய்விட்டு, திரும்பி வந்து அடித்தேன்.

1423.

ரஹீமாக்காவுக்கு இரண்டு கூடியது, இரண்டு நாள். இவனுக்கு அறுநூற்றுப் பதினொன்று. ஒரே ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது என்று படித்தவள்தான் நான். மறுநாள் இன்னொரு தடவை அடித்துப் பார்த்தால் போதும். 1422 வந்தால் அது மிச்ச நாள் கணக்குதான். அதே எண்ணே வந்தால் வெறும் பிழை, நிம்மதியாக இருக்கலாம்.

காலையில் கவின் காலேஜுக்குக் கிளம்பினான்.

"இன்னைக்குப் போக வேண்டாம் கண்ணு."

"ஏனுங்கம்மா, உடம்பு சரியில்லீங்களா?"

"இல்ல, சும்மாதான்."

"சும்மாவுக்கெல்லாம் லீவு தர மாட்டாங்க. லேப் இருக்குது, வர்றேனுங்க" என்று பல்லடம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

நான் கம்பெனிக்குப் போகவில்லை. அளக்கவுமில்லை. வீட்டில் உட்கார்ந்து அந்தப் பகுதி முழுவதையும் நீக்கி, கம்ப்யூட்டர் பழுது, அளக்க முடியவில்லை என்று பொய் எழுதி அனுப்பினேன். நீக்கியதை ஒரே கட்டளையில் திரும்ப எடுக்கலாம், தினமும் விரல் அதற்குப் போய்விட்டு வருகிறது. கவின் நன்றாகத்தான் இருக்கிறான். கழிந்த நாட்களை எண்ணக் கூடாது என்று காலண்டரைக் கழற்றிவிட்டேன், ஆனாலும் எண்ணிக்கை தெரிகிறது.

நான் அனுப்பியதைச் சரிபார்த்தவர் குழுவிலேயே மூத்தவர், நேரில் பார்த்ததில்லை. அனுமதி கொடுத்துவிட்டு, கீழே ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "யார் பெயரைக் கொடுத்தீர்கள்?"

பெயர்களை வைத்து அளந்ததைக் குழுவில் யாரிடமும் நான் சொன்னதே இல்லை. எந்தப் பெயரும் கொடுக்கவில்லை, கம்ப்யூட்டர் பழுது என்று பதில் போட்டேன்.

ஒரு நிமிடத்தில் மறுபதில் வந்தது. "முன்பு அந்தப் பகுதியைத் தொட்டபோது நானும் அப்படித்தான் எழுதினேன்."

அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்க எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை.