சிவப்பா, வெள்ளையா

வீடு பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்டானாம் ஒருவன். இலங்கையில் போர் முடிந்துகொண்டிருந்த அந்த வைகாசியில் அந்த ஆள் நான்தான். மனைவியின் ஒரே தம்பி வன்னியில் அகப்பட்டிருந்தான். மாசிக்குப் பிறகு அவனிடமிருந்து தொலைபேசி இல்லை. நானோ டென்மார்க்கில், பிரெடெரிசியா நகரில், இரண்டு பழைய கார்களுக்கு நடுவே நின்று, எதை வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

கார்கள் இரண்டும் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு டேனிஷ் கிழவருடையவை. எண்பதுகளில் செய்தவை, இரண்டும் டர்போ. அவர் பென்ஷன் எடுத்து, தோட்டத்து வீட்டை விட்டுச் சின்னதொரு மாடி வீட்டுக்குப் போகிறார். அங்கே ஒரு காருக்குத்தான் இடம். "ஒன்றை நீ எடு, மிஞ்சியதை நான் வைத்துக்கொள்கிறேன். முதலில் சொல்லவேண்டியது நீ" என்றார். இந்தப் பெருந்தன்மைதான் என்னைக் கொன்றது. அவரே ஒன்றைத் தள்ளிவிட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

வெள்ளை, சுவீடன் கார். பள்ளிக்கூட அதிபர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். குளிர்காலத்தில் இருக்கை சுடும், பின்னால் தாராளமாக இருக்கலாம். சிவப்பு, ஜெர்மன் கார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். விளக்கைப் போட்டால் முகப்பிலிருந்து இரண்டு கண்கள் எழும்பும். பின்னிருக்கை பெயருக்குத்தான். அதை ஓடிப் பார்த்தபோது காலை அழுத்தினேன், ஒன்றுமே நடக்கவில்லை. பக்கத்தில் இருந்த கிழவர் "வென்ட், வென்ட்" என்று சிரித்தார். பொறு, பொறு. அந்தக் காலத்து டர்போ அப்படித்தான். முதலில் யோசிக்கும், பிறகு முதுகில் கைவைத்துத் தள்ளும். கிழவருக்கு அந்தப் பொறுக்கிற நொடிதான் ருசி. எனக்கோ எதற்காகப் பொறுத்திருப்பதும் அந்த நாட்களில் பயமாக இருந்தது.

மச்சானுக்கும் இந்தக் கார்களைப் பற்றித் தெரியும். மாசியில் அவன் கடைசியாகத் தொலைபேசி எடுத்தபோது, என் மனைவி அழுது முடித்துத் தொலைபேசியை என்னிடம் தந்தாள். அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ இடிந்துகொண்டிருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் நான் கார்க் கதையை எடுத்தேன். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"சிவப்பை எடுங்கோ அத்தான். மற்றது வயசுபோன ஆக்களின்ரை கார். நான் வந்தால் சிவப்புத்தான் ஓடுவன்."

"ஓம், நீ முதல்லை வா" என்றேன். லைன் அறுந்துவிட்டது.

எனக்கும் சிவப்பில்தான் ஆசை. ஆனால் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சிவப்பை வாங்கினால், விமான நிலையத்திலிருந்து அவனை ஏற்றிவரும்போது மனைவி எங்கே இருப்பாள்? வெள்ளையை வாங்கினால், அவன் சொன்னதைத் தட்டியதாகி, அதனாலேயே அவன் வராமல் போய்விட்டால்? பைத்தியக்கார யோசனை என்று தெரிந்தும் யோசித்தேன். மதில்மேல் பூனையாகவே நாட்கள் போயின. வேலையிடத்தில் யாருடைய கைத்தொலைபேசி அடித்தாலும் என் நெஞ்சு அடித்தது. வீட்டில் மனைவி தொலைக்காட்சியை அணைக்கவும் விடமாட்டாள், பார்க்கவும் மாட்டாள். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரிப்பாள்.

கிழவருக்குப் பதில் சொல்லவேண்டிய சனிக்கிழமை வந்தது.

"இஞ்சருங்கோ, ஏன் கிடந்து யோசிக்கிறியள்? பூக்கட்டிப் பாப்பம்" என்றாள் மனைவி.

எனக்கு ஆச்சரியம். இந்தக் கார்களைப் பழைய இரும்பு என்று சொல்கிறவள் அவள். கல்யாணத்துக்குப் பூக்கட்டுவார்கள், காணி வாங்கப் பூக்கட்டுவார்கள். டர்போவுக்குப் பூக்கட்டியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். கடையில் துலிப் பூ வாங்கி வைத்திருந்தாள், சிவப்பு ஒரு கட்டு, வெள்ளை ஒரு கட்டு. குசினிக்குள் எனக்கு முதுகைக் காட்டி நின்று, இதழ் கிள்ளி, கடதாசியில் இரண்டு பொட்டலம் மடித்துப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"வெள்ளை வந்தால் வெள்ளைக் கார், சிவப்பு வந்தால் சிவப்பு. சரியோ?" என்று கேட்டேன்.

"ஓம், ஓம். கும்பிட்டிட்டு எடுங்கோ."

ஒன்றை எடுத்தேன். நான் பிரிக்குமுன் அவளே பறித்துப் பிரித்தாள். வெள்ளை இதழ். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"இருக்கிறான். தம்பி உயிரோடை இருக்கிறான்" என்று அழுதாள். "வெள்ளை வந்தால் இருக்கிறான் எண்டு நினைச்சுத்தான் கட்டினனான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "விசரே உமக்கு? நான் சிவப்பை எடுத்திருந்தால்?" என்று கத்தினேன். அவனுடைய உயிரை என் கையில் வைத்துவிட்டு, கார் என்று சொல்லியிருக்கிறாள். அவள் எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

நான் மற்றப் பொட்டலத்தை எடுத்தேன். எதில் தப்பினோம் என்று பார்க்கும் ஆசையாக இருக்கலாம். பிரித்தேன். அதற்குள்ளும் வெள்ளை இதழ்தான். குசினி யன்னலில் சிவப்புத் துலிப்கள் ஓர் இதழும் குறையாமல் நின்றன. சிவப்பைக் கட்ட அவளுக்குக் கை வரவில்லை. இரண்டையும் தானே கட்டிவிட்டு, வந்ததைப் பார்த்து அப்படி அழுதிருக்கிறாள். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இதழைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கிழவருக்குத் தொலைபேசி எடுத்து, வெள்ளை என்றேன்.

சில நாட்களில் போர் முடிந்தது என்றார்கள். தெரிந்தவர்களின் வீடுகளுக்கு முகாம்களிலிருந்து ஒவ்வொன்றாக அழைப்பு வந்தது. எங்களுக்கு வரவில்லை. இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வெள்ளைக் கார் இன்னும் எங்களிடம்தான் நிற்கிறது. நல்ல விலை வரும், விற்கலாமே என்று யாராவது கேட்டால், மனைவி இருக்கும்போது அந்தப் பேச்சு வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவேன். மற்றப் பொட்டலத்தைப் பற்றி அவளிடம் நான் இன்றுவரை கேட்டதில்லை. மச்சான் ஒருநாள் வந்து, ஏன் அத்தான் வெள்ளையை எடுத்தனீங்கள் என்று என்னை ஏசவேண்டும். உன்ரை அக்காவைக் கேள் என்று சொல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன்.