பதியாத விரல்

மரக்காணம் உப்பளத்தில் தனக்கோடி உப்பு வாரத் தொடங்கி இருபத்தெட்டு வருடமாகிறது. டீக்கடை டிவியில் கள்ளத்தனமாகக் குடியேறியவர்களைப் பற்றி விவாதம் ஓடினால் போதும், பெஞ்சைத் தட்டுவார். “பேப்பர் இல்லாதவனையெல்லாம் தொரத்தணும்பா. நம்ம கூலிய அவனுங்கதான் கெடுக்கிறானுங்க.”

சித்திரையில் போலீஸ் வந்தது. அவரோடு வேலை செய்த மேற்கு வங்காளத்து ஆட்கள் ஒன்பது பேரை வரப்பில் நிறுத்தி, ஆதாரைச் சரிபார்க்க விரல் வைக்கச் சொன்னார்கள். ஒருவர் ரேகையும் மிஷினில் பதியவில்லை. “எல்லாம் பங்களாதேஷ்காரனுங்க” என்று வேனில் ஏற்றினார்கள்.

உப்பு வாரும் கையில் ரேகை தேய்ந்துபோகும். ரேஷன் கடையில் தனக்கோடியின் விரலும் பதியாது; தெரிந்த முகம் என்பதால் அரிசி கிடைக்கிறது. போலீஸிடம் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுஷன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே கோடை மழை. அள்ளப் போதிய ஆளில்லாமல் உப்பு பாத்தியிலேயே கரைந்தது. முதலாளி அளத்தை மூடிவிட்டார். உப்பு சுமக்கும் பெண்களுக்கும் வேலை போனது; தனக்கோடியின் மனைவியும் அதில் ஒருத்தி.

பிழைப்புக்காகத் தனக்கோடி சென்னையில் கட்டட வேலைக்குப் போனார். வாசலில் இருந்த வருகைப் பதிவு மிஷினில் விரல் வைக்கச் சொன்னார்கள். மூன்று முறை வைத்தார். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

செக்யூரிட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“எந்த ஊருய்யா நீ? பேப்பர் எங்க?”