கூலிங் இல்லாத கருப்பு பீர்

தகவல் பெறும் உரிமைச் சட்டம், பிரிவு ஏழு, உட்பிரிவு ஒன்று: விண்ணப்பம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். தரலாம் என்று இல்லை, வேண்டும் என்றே இருக்கிறது. முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். அந்தச் சட்டம் வந்த புதிதில் எங்கள் அலுவலகத்தில் அதை முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள், அதன்படி எப்படிப் பதில் சொல்லாமல் இருப்பது என்பதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஆகவே என் மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒப்புகை அட்டையைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. ஒரு மார்கழி மாதம், மாவட்ட அலுவலகம் ஒன்றில் யாரோ நீல மையில் கிறுக்கி, கோணலாக முத்திரை குத்தித் திருப்பியனுப்பிய அட்டை அது. என் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதுவே சான்று. விண்ணப்பத்தில் நான் கேட்டது ஒரே கேள்வி. எங்கள் ஊர் அரசு மதுக்கடையின் விலைப்பட்டியலில், கடைசிக்கு முந்தைய வரியில் அச்சாகியிருக்கும் ‘ஸ்டவுட்’ என்னும் கருப்பு பீர் இந்த மாவட்டத்தில் எந்தக் கடைக்காவது எப்போதாவது அனுப்பப்பட்டதா?

எனக்காக அதைக் கேட்கவில்லை. ட்ரில்லருக்காகக் கேட்டேன்.

கடையை ஒட்டித் தகரக் கூரை போட்ட பார் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுண்டல், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்த் துண்டு. சனிக்கிழமை நான்கு மணிக்குப் போவேன். ஒரு பாட்டில், விளக்கு வைப்பதற்குள் வீடு. இது என் மனைவியின் நிலையாணை, மேல்முறையீட்டுக்கு வழியில்லை. அந்த பாரில் யாருக்கும் பெயர் கிடையாது, தொழில்தான் உண்டு. நான் சூப்ரண்டு சார். எதிர் நாற்காலியில் உட்காருபவர், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வண்டிகளுக்குப் பூவும் மயிலும் எழுதும் பெயின்டர். அவருக்குப் பக்கத்தில் ட்ரில்லர்.

ட்ரில்லர் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் முப்பது வருடம் போர்வெல் போட்டவர். ஒல்லியான ஆள். கம்ப்ரசர் இரைச்சலில் இடது காது போய்விட்டதால் ரகசியத்தையும் சத்தமாகத்தான் சொல்வார். வண்டியை விட்ட பிறகும் அவருக்கு வேலை இருந்தது. சுற்று வட்டாரத்தில் யார் போர் போட்டாலும் அவரைக் கூப்பிடுவார்கள். குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேலே வரும் பாறைத் தூளான கல்மாவை இரண்டு விரலில் தேய்த்து, வெயிலில் காட்டிப் பார்ப்பார். “இன்னும் ரெண்டு ராடு உடுங்க” என்று ஆழப்படுத்தச் சொல்வார், அல்லது “நிறுத்திக்குங்க” என்பார். அவர் நிறுத்து என்றால் நிறுத்துவார்கள். அவரிடம் கருவி எதுவும் இல்லை. இருந்தது அந்தச் சொல் மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை அவர் உகாண்டா கதையைச் சொன்னார். இந்தப் பக்கத்து ரிக் வண்டிகள் ஆப்பிரிக்கா போவது புதிதல்ல; அவர் அங்கே இரண்டு வருடம் இருந்ததும் எல்லோருக்கும் தெரியும். ஒரு கிராமத்தில் மூன்று குழி தண்ணீரில்லாமல் வெறும் புகையாகப் போய், நான்காவதில் தண்ணீர் பீறிட்டிருக்கிறது. ஊரே கூடி ஒரு பெட்டி பீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்ததாம்.

“கருப்புன்னா கருப்பு, சாமி. கருங்கல்லு மாவு தண்ணியில கலந்து மேல வருமல்லொ, அந்தக் கருப்பு. கூலிங்கே கெடையாது. சூடாத்தான் குடிக்கறாங்க. அங்க கடையிலயே கேப்பாங்க, சூடா வேணுமா, கூலிங்கா வேணுமான்னு.”

எங்கள் சமவெளியில், சித்திரை வெயிலில் கடைக் கம்பிக்குள் கையை நீட்டுகிறவன் கேட்கும் முதல் கேள்வி பெயரும் அல்ல, விலையும் அல்ல, “கூலிங் இருக்குதா?” என்பதுதான். ஆகவே பார் முழுதும் சிரித்தது.

“ஏனுங்ணா, பீர சூடாக் குடிச்சுப்போட்டு, தொட்டுக்க ஐஸ்கட்டி வெச்சுக்குவாங்களா?” என்றார் பெயின்டர்.

யாரோ செல்போனில் கருப்பு பீரின் படத்தைத் தேடிக் காட்டினார்கள். “செல்லுல ஆறு காலு ஆடுகூட இருக்குதுங்க” என்று பெயின்டர் அதையும் தள்ளுபடி செய்தார். ட்ரில்லர் என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க.”

ஸ்டவுட் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். குளிர்ந்த நாடுகளில் அதை அதிகம் குளிர வைக்காமல் குடிப்பார்கள் என்றும் படித்திருக்கிறேன். அதைச் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் பாரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் மனுவோடு வந்தவர்களிடம் முப்பது வருடம் சொல்லிப் பழகிய வாக்கியம் தானாக வாயில் வந்தது.

“கருப்பு பீர் இருக்குதுங்க. ஆனா நீங்க சூடாக் குடிச்சதுக்கு ஆதாரம் ஏதாவது வெச்சிருக்கறீங்களா? ஒரு ரசீது, ஒரு போட்டோ?”

அன்று பாரில் எழுந்த மிகப் பெரிய சிரிப்பு அதற்குத்தான். ட்ரில்லர் சிரிக்கவில்லை. டம்ளரைக் காலி செய்து, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து மேசையில் தனியாக உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரம் அவருக்குப் பெயர் மாறியிருந்தது: சூடு பீரு.

பட்டப்பெயரோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். மார்கழி தொடக்கத்தில் பெயின்டர் ஒரு செய்தி கொண்டுவந்தார். மரவள்ளித் தோட்டக்காரர் ஒருவர் போர் போடும்போது ட்ரில்லர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். தோட்டக்காரரின் மச்சான், “சூடு பீரு சொல்றதக் கேட்டா நிறுத்தறது?” என்று மேலும் மூன்று ராடு இறக்க வைத்திருக்கிறார். வெறும் புகைதான் வந்தது. ட்ரில்லர் சொன்னதே சரி என்று ஆகியும், அதற்குப் பிறகு போர் போட்ட இரண்டு தோட்டங்களில் அவரைக் கூப்பிடவில்லை. பெயின்டர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தார். முடிக்கும்போது குழாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

தவறு என்னுடையது. அதைத் திருத்த எனக்குத் தெரிந்த வழி மனு ஒன்றுதான். அன்றிரவே விண்ணப்பத்தை எழுதி, திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு பாட்டில் ஸ்டவுட் கடைக்கு வந்தால், அதைத் திறந்து வெயிலில் வைத்து அத்தனை பேர் முன்னாலும் குடித்துவிட வேண்டும் என்பது என் திட்டம். அடுத்த சனிக்கிழமை குழாய்ப் பக்கத்து மேசைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“அதெல்லாம் எதுக்குங்க சார்?” என்றார்.

“முப்பது நாள்ல பதில் வந்தாகணும். அது வரைக்கும் சும்மா இருக்கறதுக்கு, நாமளே தேடிப் பாக்கலாமுங்க.”

அப்படித்தான் எங்கள் சுற்றுப்பயணம் தொடங்கியது. சனிக்கிழமை மதியம் டவுன் பஸ், ஏதாவது ஒரு ஊர், ஒரு பார், இருவருக்கும் சேர்த்து ஒரு பாட்டில். ஊர், பீரின் நிறம், நுரை, குளிர்ச்சி ஆகியவற்றை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டேன். வாழப்பாடியில் எதைக் கேட்டாலும் “ஸ்ட்ராங் இருக்குது” என்றே பதில் வந்தது. ஆத்தூரில் ஜவ்வரிசி மில்லில் வேலை பார்த்த ஒருவர், கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டு, “கருப்பாவும் இருக்கணும், சூடாவும் இருக்கணும்னா டீக்கடைக்குப் போங்க சார், பால் ஊத்தாம வாங்கிக் குடிங்க” என்றார். பனமரத்துப்பட்டியில் ஏரிப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர் இன்னும் உதவியாக, சாதாரண பீரில் கோலா ஊற்றினால் கருப்பாகிவிடும், யாருக்கும் தெரியாது என்று யோசனை சொன்னார். “தெரியுமுங்க. எனக்குத் தெரியுமல்லங்க” என்றார் ட்ரில்லர். போகிற இடமெல்லாம் அவர் செய்த முதல் வேலை, குளிர்ந்து வியர்த்திருக்கும் பாட்டிலை எடுத்து வெயில் விழும் ஜன்னலில் வைப்பது. சப்ளையர்கள் அதைப் பார்த்த பார்வையை, அலுவலகத்தில் லஞ்சம் வாங்க மறுத்தவரை மற்றவர்கள் பார்ப்பதில் மட்டுமே கண்டிருக்கிறேன்.

அந்த வெதுவெதுப்பான பீர்களை நானும் குடித்தேன். நன்றாக இல்லை. நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

தை மாதக் கடைசியில், முப்பது நாள் கெடு முடிந்து முதல் மேல்முறையீடும் போட்ட பிறகு, சேலத்தில் பெரிய ஹோட்டல் ஒன்றின் பாரில் கருப்பு பீர் இருப்பதாகத் தெரியவந்தது. இந்த முறை பெயின்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். சாட்சி வேண்டும் அல்லவா? குளிர்சாதன அறை, மெத்தை நாற்காலி, கழுத்துப் பட்டை கட்டிய பணியாள். சின்ன பாட்டில் ஒன்று வந்தது. கண்ணாடிக் கோப்பையில் ஊற்றியதும், பழுப்பு நுரைக்குக் கீழே பீர் கருப்பாக நின்றது.

பெயின்டர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். “ஒத்துக்கறேனுங்ணா. கருப்புதான். ஊருக்குப் போயி நானே சொல்லிப்போடறேன். நீங்க செயிச்சுட்டீங்க.”

ட்ரில்லர் கோப்பையை உள்ளங்கைகளுக்குள் வைத்துக் குளிர் போகும் வரை காத்திருந்தார். ஒரு மடக்குக் குடித்தார். பிறகு எழுந்து, திரை விலகியிருந்த ஜன்னலுக்குப் போய்க் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தார். குழி ஓரத்தில் கல்மாவை வெயிலில் காட்டும் அதே கை.

“இதில்லீங்க” என்றார். “மேலதான் கருப்பு. ஓரத்துல பாருங்க, செம்மண்ணு தெரியுது. அது இப்படித் தெரியாது. இது வேற சரக்குங்க.”

“அட, யாருக்குங்ணா தெரியப் போவுது? நாந்தான் ஒத்துக்கறேங்கறேனே!”

“நீ ஒத்துக்கிட்டா ஆச்சா? கல்லு ஒத்துக்கோணுமல்லொ.”

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. பொய் சொல்கிறவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. எதிராளியே தோல்வியை ஒப்புக்கொள்கிறார், சாட்சியாக நான் இருக்கிறேன், பாட்டிலும் கையில் இருக்கிறது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் பட்டப்பெயர் போய்விடும், தோட்டக்காரர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள். அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சுண்டலை எடுத்துத் தின்றார்.

திரும்பும் பஸ்ஸில் பெயின்டர் முன் இருக்கையில் தூங்கிவிட்டார். மல்லூர் தாண்டியதும் ட்ரில்லர் என்னைக் கேட்டார். சத்தமாகத்தான் கேட்டார். “ஏனுங் சார், அன்னைக்கு ஆதாரம் கேட்டீங்களே. இப்ப நீங்க நம்பறீங்களா?”

நம்பினேன். ஆனால் எந்த மனுவுக்கும் வந்த அன்றே பதில் சொல்லிப் பழக்கமில்லாத ஆள் நான். “பரிசீலனையில இருக்குதுங்க” என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு ஊர் வரும் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

பட்டப்பெயரைப் போக்கியது பெயின்டர். அடுத்த சனிக்கிழமை நான் பாருக்குப் போனபோது அவர் எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தார்: “செயிச்ச ஆட்டத்த வேண்டாமுன்னு குடுத்துட்டு வந்த ஆளுங்க அவுரு. நானே கையத் தூக்கிட்டேன், அவுரு எறக்குங்கறாரு. இனி சூடு பீருன்னு எவனாச்சும் சொன்னீங்க, பாருங்க!” ட்ரில்லர் பழைய நாற்காலிக்குத் திரும்பினார். மாசியில் இரண்டு தோட்டங்களில் அவரைக் கூப்பிட்டார்கள். பங்குனியில், உகாண்டாவில் வண்டி வைத்திருக்கும் முதலாளி ஒருவர் கூப்பிட்டார். அங்கே புதுப் பையன்களுக்குப் பாறை பிடிபடவில்லையாம்.

சித்திரையில் என் வீட்டுக்கு வந்து, “போய்ட்டு வாரேனுங்க சார்” என்றார். சொல்லிவிட்டுக் கேட்டருகே நின்றார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றை பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைக்க வேண்டும், பத்து நாளுக்கு முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும் என்று நான் விளக்கினேன். எல்லாம் சரியான தகவல்தான். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போனார்.

நான் இப்போதும் சனிக்கிழமை போகிறேன். பெயின்டர் எனக்கு எதிரில் உட்காருகிறார். விலைப்பட்டியலில் அந்த வரி அப்படியே இருக்கிறது. வெயில் பட்டு ‘ட்’ மட்டும் வெளுத்திருக்கிறது. மாவட்ட அலுவலகத்தின் பதில் கடைசியில் ஆடிப்பெருக்கு அன்று வந்தது. உள்ளூர் விடுமுறைதான், ஆனால் அது தபால்காரருக்குப் பொருந்தாது. ஒரே பத்தி: மேற்படி வகை பீர் இம்மாவட்டத்தில் நுகர்வோர் எவராலும் கோரப்படவில்லை, எனவே அனுப்பப்படவில்லை. எழுத்து மூலம் கோரிய எனக்கே எழுத்து மூலம் அப்படிப் பதில் வந்தது. நடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எத்தனை நாள் தாமதம் என்று கணக்கிட ஒப்புகை அட்டையைத் தேடி எடுத்தேன். மார்கழியிலிருந்து விரல் விட்டுக்கொண்டு வந்தவன், தைக் கடைசியில் நின்றுவிட்டேன். அங்கே இன்னொரு கேள்வி நிலுவையில் இருந்தது. அதற்குப் பதில் தர வேண்டிய அலுவலர் நான்.

ட்ரில்லரை வாட்ஸப்பில் அழைத்தேன். பின்னணியில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

“என்னங்க சார்? ஒடம்பு கிடம்பு நல்லாருக்குதா?”

“நல்லாருக்கறேன். தை மாசம் பஸ்ஸுல என்னை ஒண்ணு கேட்டீங்களே. நம்பறேனுங்க.”

“என்னங்க? கேக்கலீங்க!”

“நம்பறேன்!” என்று கத்தினேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் கம்ப்ரசர் நின்றது. யாரையோ நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

“இதுக்கா சார் போன் பண்ணுனீங்க?” என்றார். “சரிங்க. அப்ப ஃபைல மூடிருங்க.”

ஒப்புகை அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் காலியாக இருந்தது. பதில் அளிக்கப்பட்டது என்று எழுதி, கையெழுத்திட்டு, அடியில் தேதி போட்டேன்: ஆடி பதினெட்டு.