நசுங்காத இரண்டு எலுமிச்சம்பழங்கள்

போன வாரம் விஜயதசமி அன்று எங்கள் டிராக்டருக்கு நாலு சக்கரத்தின் கீழும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தோம். முன்னால் வைத்த இரண்டும் நசுங்கின. பின்னால் வைத்த இரண்டும் கடையில் வாங்கிய மேனிக்கு மஞ்சளாக, பளபளவென்று, அப்படியே கிடந்தன.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? வண்டி நகர்ந்தால் நாலும் நசுங்க வேண்டும். நகராவிட்டால் நாலும் பிழைக்க வேண்டும். பாதியை நசுக்கிப் பாதியை மன்னிக்கிற வண்டியை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன் — நாலடி தள்ளி, தரையில் முட்டி போட்டபடி.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

போலகத்தில் எங்களுக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு. அறுபது மரம், ஓரத்தில் ஒரு குட்டை. குடியிருப்பது கோவில்பத்தில். உத்தியோகம், டவுன் ஆபீஸில் ஃபைல் தள்ளுவது. ஆகவே விவசாயத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்துக்கொள்ள எனக்கு முழு உரிமை உண்டு.

கோடையில் குட்டை வற்றியதும் ஆள் விட்டு வண்டலை வெட்டிக் கரையில் குவித்தோம். தென்னைக்கு வண்டல் போட்டால் மரம் கண்ணெதிரே தெளியும். ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால் மரத்தடிக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அத்தனையும் கரைந்து, வந்த வழியே குட்டைக்குத் திரும்பிவிடும். வெட்டினது வீண்.

என் மனைவி செண்பகம் அப்போதே சொன்னாள் — வெட்டின ஆட்களையே வைத்துக் கூடையில் அள்ளிப் போட்டுவிடலாம் என்று. நான் சிரித்தேன். தோப்புக்குள் உழுவதற்கென்று பழசாக வாங்கிய சின்ன டிராக்டர் ஒன்று சும்மா நிற்கிறதே... அதன் மூக்கில் ஒரு லோடர் மாட்டினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடாதா?

லோடர் தெரியாதவர்களுக்கு: வண்டிக்கு முன்னால் இரும்பில் இரண்டு கை, கை நுனியில் ராட்சச முறம் மாதிரி ஒரு பக்கெட். லிவரைத் தொட்டால் அள்ளும், தூக்கும், கொட்டும்.

ஆனி, ஆடி, ஆவணி — மூன்று மாதம் நான் லோடர் தேர்ந்தெடுத்தேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கள்கூட இவ்வளவு ஊர் சுற்றியிருக்க மாட்டார்கள். காரைக்காலில் பட்டறை வைத்திருக்கும் நெய்னா பாய் இரண்டு விதம் செய்து தருவதாகச் சொன்னார். ஒன்று, இரண்டரை அடி அகலத்தில் அடக்கமான பக்கெட். இன்னொன்று நாலடி. சின்னதே போதும் என்பது அவர் கட்சி. செண்பகமும் அதே கட்சி. எனக்கும் சம்மதம்தான்... அம்பகரத்தூருக்குப் போகிற வரைக்கும்.

அங்கே ஒரு பண்ணையில் லோடர் மாட்டிய டிராக்டர் நிற்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். அந்த பக்கெட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவு அகலம். அது மாட்டியிருந்த டிராக்டர் என் வண்டியைப் போல மூன்று மடங்கு என்பதை நானும் பார்த்தேன். பார்த்ததை மூளைக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நேராகப் பட்டறைக்கு வந்து, நாலடி என்றேன். நெய்னா பாய் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார், வண்டி தூக்குமாங்கறது கேள்வி இல்ல. தூக்கிட்டு நிக்குமாங்கறதுதான் கேள்வி. நாலடிதான் வேணும்னா பின்னாடி ஒரு பொட்டி கட்டி கல்லப் போட்டுக்குங்க. மூக்குல ஏத்துற கனத்துக்கு வாலுலயும் கனம் வேணும்.”

பெட்டியா? வண்டிக்குப் பின்னால் பெயிண்டரை வைத்துச் சிவப்பும் மஞ்சளுமாக நிழல் விழுகிற எழுத்தில் ‘அபிராமி துணை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பெட்டி கட்டினால் அது மறைந்துபோகாதா? வேண்டாம் என்றுவிட்டேன். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

லோடர் வந்து மாட்டி முடிந்தபோது நவராத்திரி. வானம் சாயங்காலமானால் கறுக்கத் தொடங்கியிருந்தது. செண்பகம் வானத்தைப் பார்த்தாள், வண்டல் குவியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

விஜயதசமி காலையில் முதல் லோடு. தோப்பைப் பார்த்துக்கொண்டு டிராக்டரும் ஓட்டுகிற கலியபெருமாள், அரை பக்கெட் வண்டலோடு நிறுத்தினார். நல்ல நாள் அதுவுமாகக் குறையாகத் தூக்குவதா? எங்கள் வீட்டில் அறுப்புக் களத்தில் முதல் மரக்கால் நெல்லைத் தலை வழித்து அளப்பதே கிடையாது, கோபுரமாகத்தான் அளப்போம். அதே முறைப்படி நானே மண்வெட்டி எடுத்து பக்கெட்டிலும் கோபுரம் கட்டினேன். முந்தின நாள் தூறலில் நனைந்த வண்டல். ஈர வண்டல் நெல் இல்லை என்பதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

சந்தனம், குங்குமம், சூடம் எல்லாம் ஆயிற்று. அக்கம்பக்கத்துக்காரர்கள் பொரிகடலைக்காக நின்றார்கள். முதலாளி நானே ஓட்டுவது என்று ஏறி உட்கார்ந்தேன். வண்டி லேசான சரிவில் குட்டையைப் பார்த்து நின்றது. கியர் போடுமுன் பக்கெட்டைத் தூக்குவோமே என்று லிவரைத் தொட்டேன்.

பக்கெட் மெல்ல எழுந்தது. கூடவே நானும் எழுந்தேன். சீட்டோடு.

முன்சக்கரம் ஒரு சாண் உருண்டது. பொளக், பொளக் என்று இரண்டு சத்தம். பிரேக்கை மிதித்தேன். நின்று மிதித்தேன். டிராக்டருக்குப் பிரேக் பின்சக்கரத்தில். பின்சக்கரம் காற்றில் இருந்தால் பிரேக் எதைப் பிடிக்கும்?

“ஐயா, எறங்காதீங்க. ஒக்காந்தபடியே லிவரை எறக்குங்க,” என்றார் கலியபெருமாள்.

தெளிவாகக் காதில் விழுந்தது. ஆனால் காது கேட்டு முடிப்பதற்குள் கால் குதித்துவிட்டது.

அந்த வண்டியின் வாலில் இருந்த ஒரே கனம் நான்தான். நான் போனதும் வால் ஒரு முழம் மேலே போயிற்று, பக்கெட் மண்ணில் குத்தி நின்றது. குட்டையைப் பார்த்து என் டிராக்டர் விழுந்து கும்பிட்டது. பக்கத்தில் நானும்.

நசுங்காத பழங்களைப் பார்த்துக் கூட்டம் முணுமுணுத்தது. அம்மனுக்கு ஏதோ குறை என்றார் ஒருவர். நான் அந்த இடத்திலேயே அம்பகரத்தூர் அம்மனுக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். இன்னொருவர் வண்டியை விற்றுவிடச் சொன்னார். அதற்கும் தலையாட்டினேன்.

செண்பகம் குனிந்து, தொங்கிய சக்கரத்தின் அடியில் எட்டிப் பார்த்தாள். ஒரு குச்சியால் இரண்டு பழத்தையும் தள்ளி எடுத்தாள்.

“அம்மனுக்கு ஒரு குறையும் இல்லீங்க. வண்டிக்குப் பின்னாடி கனம் இல்ல. அவ்வளவுதான்.” பழத்தை முந்தானையில் துடைத்தாள். “கழுவிட்டா சரியாப் போவும்.”

மத்தியானம் எலுமிச்சம்பழச் சாதம். நான் இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பெட்டி கட்டியாயிற்று. அதில் எதைப் போடுவது? வெட் கிரைண்டர் வந்ததிலிருந்து எங்கள் கொல்லையில் சும்மா கிடந்த ஆட்டுக்கல்லைச் செண்பகம் காட்டினாள். ஏற்றினோம். பக்கெட்டும் பாதிதான் என்று அவளே கண்டித்துச் சொல்லிவிட்டாள். கலியபெருமாள் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் ஓர் ஆள் கனம் பின்னாடி இருந்தால் பயமே இல்லை என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆபீஸுக்கு லீவு போட்டேன். மூன்று நாள், ‘அபிராமி துணை’க்கு மேலே, ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில், திரும்பி உட்கார்ந்து தோப்பெல்லாம் வலம் வந்தேன். ரோட்டோரத்து மரங்களுக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் பார்த்துவிட்டார். திங்கட்கிழமை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாமி புறப்பாடு முடிந்ததா சார் என்று பியூன்கூட விசாரித்தார்.

அந்த மூன்று நாளில் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. ஒரு சாமான் வாங்கப் போனால் எவ்வளவு தூக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். தூக்கும்போது பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. எங்கள் ஆபீஸ் அப்படித்தான் நடக்கிறது. என் வீடும் அப்படித்தான் நடக்கிறது — என்ன, அங்கே லிவர் என் கையில், பெட்டியில் செண்பகம். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவை குதித்திருந்தால் என் மூக்கு எந்தக் குட்டையில் குத்தியிருக்குமோ...

மூன்றாம் நாள் சாயங்காலம் அறுபதாவது மரத்தடியில் கடைசி பக்கெட்டைக் கொட்டத் தூக்கியபோது பெருமழையின் முதல் துளி விழுந்தது. கரையில் ஒரு பிடி வண்டல் மிச்சமில்லை. செண்பகம் குடையோடு வந்து நின்றாள்.

கலியபெருமாள் அவளிடம் பெருமையாகச் சொன்னார்: “ஐயா குதிக்காம இருந்தா வண்டி கல்லு மாதிரி நிக்குதும்மா.”

“ஆமா,” என்றாள் செண்பகம். “அவரு கையில எதையும் குடுக்காம, சும்மா ஒக்கார வச்சாப் போதும். எல்லாம் நல்லா நடக்கும்.”

இது பாராட்டா, திட்டா? இறங்கிப் போய்க் கேட்டிருப்பேன்... பக்கெட் இன்னும் மேலேதான் இருந்தது.