வலிக்காத புண்

நான் பல் டாக்டர். என் பக்கத்து அறை பால்வினை நோய்ப் பிரிவு. அதன் வாசலில் உட்கார வெட்கப்பட்டு, பாதிப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வாயைத் திறக்கச் சொன்னால் பல்லெல்லாம் முத்து முத்தாக இருக்கும். "அடுத்த ரூம்," என்பேன். அங்கிருந்த டாக்டரம்மா ஒரு நோயாளியையும் கடிந்து பேசியதில்லை. அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்து என் மேல்தான் காட்டுவார். இப்போது அவர் இல்லை; அந்தத் திட்டுக்கு ஏங்குகிறேன்.

அப்படி வந்தவர்தான் ஒரு தையற்காரர். குறியில் ஒரே ஒரு புண். விளிம்பு கெட்டியாக இருந்தது, வலியே இல்லை. டாக்டரம்மா பார்த்ததுமே சந்தேகப்பட்டார். ரத்தப் பரிசோதனையும் சிஃபிலிஸ் என்றது. முடிவைக் கேட்க வந்தவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"தானாவே ஆறிடுச்சும்மா. ஊசியெல்லாம் வேணாம்."

"புண்ணுதான் ஆறிச்சு. நோய் ரத்தத்துலயே உட்கார்ந்திருக்கு. வீட்டுக்காரம்மா எப்படி இருக்காங்க?"

"ஆறு மாசம்."

இரண்டு அறைகளுக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். டாக்டரம்மாவின் குரல் தாழ்ந்தது. மனைவிக்கும் உடனே ஊசி போடாவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம் என்றார்.

தையற்காரர் நேராக என்னிடம் ஓடி வந்தார். "சார், பல்லுக்கு ஊசின்னு சொல்லிடுங்க சார். அவளுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்."

பாவமாக இருந்தது. தலையாட்டிவிட்டேன். பின்னாலேயே வந்த டாக்டரம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்.

"பல்லுக்கு இடுப்புல ஊசி போடுவீங்களோ? அவ உடம்புல ஏறுற மருந்து எதுக்குன்னு அவளுக்குத் தெரியணும்." தையற்காரரிடம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க. நான் கூட இருக்கேன்," என்றார்.

மறுநாள் அவர் மனைவியை அழைத்து வந்து, டாக்டரம்மாவின் முன்னால் சொன்னார்.  முதலில் அவள்தான் ஊசி போட்டுக்கொண்டாள். பென்சிலின் கெட்டியான மருந்து. பாதி பாதியாக இரண்டு பக்கமும் போட வேண்டும், வலியில் உயிர் போய்விடும். அடுத்து அவர். ஒரு பக்கம் போட்டதுமே, "போதும்மா," என்று எழுந்துவிட்டார்.

"இன்னொரு பக்கம் இருக்கு. படுங்க," என்றாள் மனைவி.

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

குழந்தை பிறந்து, பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதியான அன்று டாக்டரம்மா என் அறைக்குள் வந்தார். நான் ஒரு பெரியவருக்குப் பல் பிடுங்கி முடித்திருந்தேன்.

"குழந்தை நல்லா இருக்கு," என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் முக்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

பெரியவர் பஞ்சு வைத்த வாயோடு என்னிடம் மெல்லக் கேட்டார். "அவங்க பேரக் குழந்தையா?"

"ஆமா," என்றேன்.