கெபி வளைவில் கையும் காலும்

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஷீஜா அக்கா செருப்பைக் கழற்றிவிடுவாள். முன்னால் ஒரு ஆடு ரோட்டில் இறங்கினால், டிரைவர் பிரேக்கை மிதிக்கும் முன்பே அவள் வலது பெருவிரல் தரையை அழுத்தும். ஆடு போனதும் மெல்லத் தளரும். ஜன்னலைப் பார்ப்பதுபோல் நான் அந்தக் காலையே பார்த்திருப்பேன்.

அதையேதான் அவள் படிப்பாக்கிக்கொண்டாள். தூத்துக்குடி துறைமுகச் சாலையில் டிரைலர் ஓட்டுகிறவர்கள் எதைப் பார்த்து வேகம் குறைக்கிறார்கள் என்பது ஆராய்ச்சி. ஒரு லாரிக் கம்பெனி தன் வண்டிகளில் கேமரா வைக்கச் சம்மதித்தது. யார் பெயரும் வெளியே போகாது என்று டிரைவர்களுக்கு அவள் வாக்குக் கொடுத்தாள். மாட்டுவதற்கு நானும் கூடப் போனேன்.

அங்கே டிரைவர் பால்துரை அண்ணாச்சி மறித்தார். முன்கையில் 'வடிவம்மாள்' என்று அம்மா பெயரைப் பச்சை குத்தியிருந்தார்.

"ஏளா, எங்க மூஞ்சியைப் படம் புடிச்சு எந்தத் தியேட்டர்ல ஓட்டப் போற?"

"ஓடுச்சுன்னா மொத டிக்கெட் ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேமரா ஏறியது.

உப்பளம் முடிகிற வளைவில் ஒரு மாதா கெபி, குகைபோல் கட்டிய சின்னக் கோயில். கேமராவில் பார்த்தால், அதைத் தாண்டும்போது எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சைத் தொடுவார். ஒருவர் மட்டும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டிருந்தார். அக்கா தன் முதல் அறிக்கையில் இதை எழுத, கம்பெனி மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"யாரும்மா அவன்? பேரைச் சொல்லுங்க. நாளைக்கே வீட்டுக்கு அனுப்புதேன்."

"கையை மட்டும் பாக்காதீங்க சார், காலையும் பாருங்க. வேகத்தை நல்லாக் கொறைச்ச பெறவுதான் கும்பிடுதாங்க. அந்த வளைவுல வண்டி ஊர்ந்துதான் போவுது."

"பேர் இல்லன்னா கேமராவைக் கழத்திருங்க."

கழற்றினாள். பாதிப் படிப்பு அட்டைப்பெட்டியில் வீட்டுக்குத் திரும்பியது. அன்று பஸ்ஸில் அவள் கால் அசையவேயில்லை.

அடுத்த வாரம் பால்துரை அண்ணாச்சி எங்கள் வாசலில் நின்றார். கூடவே, சொந்த லாரி வைத்திருக்கும் மச்சினர் வேல்ராஜ்.

"யாரோ ஒருத்தன் வேலைக்காவ ஒம் படிப்பைத் தூக்கிப் போட்டியாம்லா? இந்தா இவன் வண்டி இருக்கு, இவன் கூட்டாளிங்க வண்டியும் இருக்கு. மாட்டு தாயி."

"தியேட்டர்ல ஓட்டிருவேனே?"

"ஓட்டு, ஓட்டு. இவனுக்கு மட்டும் கொஞ்சம் பவுடர் போட்டுவிட்டு ஓட்டு."

அக்காவின் வாய்மொழித் தேர்வன்று பல்கலைக்கழக அரங்கின் பின்வரிசை முழுக்க வெள்ளைச் சட்டை லாரிக்காரர்கள். கெபி வளைவு திரையில் வந்ததும், தேர்வாளர் கேள்வியை முடிக்கும் முன்பே கை தட்டிவிட்டார்கள். இப்போது அவள் டாக்டர் ஷீஜா.

அதன் பிறகுதான், பழைய காட்சிகளில் ஆட்களின் அடையாளத்தை மறைக்கும் வேலையை என்னிடம் தந்தாள். இரண்டு கைக் கும்பிடும் வந்தது. முகத்தை மறைத்து முடித்தேன். முன்கையையும் மறைக்க வேண்டியிருந்தது. அதில் 'வடிவம்மாள்' என்று இருந்தது.