செயின்ட் பெர்னார்டுக்கு ஒரு கையெழுத்து

கிள்ளானில் பகல் பன்னிரண்டு மணிக்குச் செருப்பு தாரோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். அப்படிப்பட்ட ஊரில், பனியில் புதைந்தவர்களைத் தோண்டி எடுப்பதற்கென்றே பெயர் வாங்கிய செயின்ட் பெர்னார்ட் நாயை வளர்ப்பது என்று கார்த்திகேசு முடிவு செய்தபோது, அவர் மனைவி ராஜினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இஞ்ச ஆரப்பா பனிக்குள்ள புதைஞ்சு கிடக்கினம்?"

கார்த்திகேசு கையிலிருந்த பேப்பரைப் புரட்டினார். முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். கேள்வி கேட்டவர் எதிரே நிற்கும்போதே அவர் அங்கே இல்லாததுபோல் பேப்பரைப் புரட்டுவது அவருக்குக் கைவந்த கலை. வேலையில் இருந்தவரை அவர் உள்ளே நுழைந்தால் பெஞ்சில் காத்திருந்த தோட்டத்துச் சனம் முழுக்க எழுந்து நிற்கும். குமாஸ்தாவைத் தோட்டத்தில் அழைப்பதுபோல் "கிராணியாரே" என்று கும்பிடும். ஓய்வு பெற்று ஆறேழு வருஷமாக யாரும் எழுந்திருக்கவில்லை. மெல்போர்னில் இருக்கும் மகன்கள் வீடியோவில் வந்து, பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருக்க, "அப்பா சுகமா இருக்கிறாரோ?" என்று அம்மாவிடம் விசாரிப்பார்கள். அவர் நுழைந்ததும் எழுந்து நிற்க இந்த உலகத்தில் ஓர் உயிர் வேண்டும். அது பெரிய உயிராகவும் இருக்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

குட்டி ரவாங்கில் சுகுமாறன் என்பவரிடம் இருந்தது. பத்து வாரம், அதற்குள் பன்னிரண்டு கிலோ. "அடுத்த ஞாயிறு வரைக்கும் உங்களுக்காக வச்சிருக்கேன் அங்கிள். லைசென்ஸ் எடுத்துட்டு வாங்க. அதுக்கு மேல ஈப்போக்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்று சுகுமாறன் சொல்லியிருந்தார்.

கார்த்திகேசு ஒரு ஃபைல் திறந்தார். சாதாரண மனிதர்கள் நாய்க்குட்டிக்குப் பெயர் தேடுவார்கள். அவர் எண் கொடுத்தார். வழுக்கும் தரையில் ஓடினால் பெரிய சாதிக் குட்டிகளின் இடுப்பு எலும்பு கெட்டுவிடும் என்று படித்ததிலிருந்து, ராஜினி ஆசைப்பட்டுப் போட்ட பளிங்கு டைல்ஸ் முழுவதையும் கறுப்பு ரப்பர் பாய் விரித்து மூடினார். வீடு லோரி பட்டறைபோல் ஆயிற்று. மாடிப்படி ஏறக்கூடாது என்று கம்பித் தடுப்பு வைத்தார். அதைத் திறந்து மூடத் தெரியாமல் ராஜினி இரண்டு நாள் மாடியிலேயே சாப்பிட்டாள். தொங்கிய வயர்களை எல்லாம் குழாய்க்குள் திணித்தார். எலும்பு அவசரமாக வளராமலிருக்க, பெரிய சாதிக் குட்டிகளுக்கென்றே அளந்து செய்த தீனி மூட்டை வந்து இறங்கியது. அரளிச் செடி நஞ்சு என்று வேரோடு பிடுங்கினார். குட்டி வளர்ந்தால் வாலாலேயே விளக்கைத் தட்டிவிடும் என்று சாமி மேடையை இரண்டு அடி மேலே ஏற்றினார். ராஜினி இப்போது ஸ்டூல் போட்டு ஏறி விளக்கேற்றினாள்.

"அறுபத்து நாலு வயசில எனக்கும் இடுப்பு இருக்குது" என்றாள் ஒருநாள் ஸ்டூலின் மேலிருந்து. அதற்கு ஃபைலில் இடமில்லை.

கூடத்து அறையில் ஏர்கோன் மாட்டினார். மகன்கள் வந்தால் படுக்கும் அறை அது. மகன்கள் வருவதில்லை, நாய் வரப்போகிறது.

எல்லாம் தயார். ஒன்றைத் தவிர. சுவரோடு சுவர் சேர்ந்த ஒட்டு வீட்டில் இவ்வளவு பெரிய நாய் வைப்பதானால், நகராண்மைக் கழகத்தின் லைசென்ஸ் பாரத்தில் இடப்பக்கத்து வீட்டாரும் வலப்பக்கத்து வீட்டாரும் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். இடப்பக்கத்துச் சீனர் காரைவிட்டு இறங்காமலேயே ஸ்டீயரிங் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். வலப்பக்கம் இராஜம்மா.

இராஜம்மா கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். காலையில் பள்ளிக்கூடத்து எதிரே நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலமும் வடையும் விற்பாள். செவ்வாய்க்கிழமை கார்த்திகேசு பாரத்தை நீட்டியபோது மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள்.

"வச்சுட்டுப் போங்க கிராணியாரே. நான் போட்டுத் தரேன்."

புதன்கிழமை வரவில்லை. வியாழன் மதியமும் வரவில்லை.

வேறு யாராவது என்றால் மறந்திருப்பாள், வேலை இருந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் இவர் காகிதங்களைத் தூங்கவைத்தே சம்பளம் வாங்கியவர். மூன்று நாள் ஒரு தாள் ஒரு வீட்டில் அசையாமல் கிடக்கிறது என்றால் அதன்மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஏதோ வேண்டும் என்பது அவருக்கு அனுபவப் பாடம். அவருடைய மேசையில் தாள்கள் அப்படித்தான் கிடந்தன. ஆகவே இராஜம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று முடிவுக்கு வந்தார்.

ஆறு வருஷத்துக்கு முன் இராஜம்மாவிடம் பிரவுனி என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. லைசென்ஸ் கிடையாது. அது கார்த்திகேசுவின் கார் டயரைத் தன் சொத்தாக நினைத்துத் தினமும் நனைத்தது. அவர் கழகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினார். பெயர் போடவில்லை, ஆனால் பழக்க தோஷத்தில் மேலே 'பார்வை எண்' போட்டு, கீழே 'நகல்: கோப்பு' என்றும் போட்டிருந்தார். கழகத்து லோரி வந்தது. கம்பிச் சுருக்கு கழுத்தில் விழ, பிரவுனியை இழுத்துப்போட்டுக்கொண்டு போனார்கள். கார்த்திகேசு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுத் தேநீர் குடித்தார்.

வியாழன் மாலை இராஜம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

"உட்காருங்க கிராணியாரே. தேத்தண்ணி கலக்கட்டா?"

"வேணாம் இராஜம்மா. நீ ஏன் பிடிச்சு வச்சிருக்கன்னு எனக்குத் தெரியும்."

"எதை?"

"நேரா பேசிடுவோம். தப்புதான். அந்த நேரம் ஏதோ கோவம். தினமும் காரு நாறுது, நானும் மனுசன்தானே. ஒரு லெட்டர்தான் போட்டேன். அவங்க அப்படிச் சுருக்குப் போட்டு இழுப்பாங்கன்னு நான் கண்டேனா?"

இராஜம்மாவின் கை உளுந்துக்குள் நின்றது.

"என்ன லெட்டரு?"

"அதான்... பிரவுனி..."

அந்த இடத்திலாவது வாயை மூடியிருக்கலாம். ஆனால் மன்னிப்புக் கேட்டு வழக்கமில்லாதவர். ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. தேதியோடு, பார்வை எண்ணோடு, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

இராஜம்மா சுவரைக் காட்டினாள். நாள்காட்டியின் கீழே, ஆணியில், பாரம் அழகாக மடித்துச் செருகியிருந்தது.

"செவ்வாக்கெழம நான் கையெழுத்துப் போடமாட்டேன். நேத்து அஷ்டமி, இன்னிக்கு நவமி. நாளைக்குக் காலையில நல்ல நேரம் பாத்துப் போட்டு நானே கொண்டாந்து குடுக்கணும்னு இருந்தேன். உங்க வீட்டுக்குப் புதுசா ஒரு உசுரு வருது, நல்லா இருக்கட்டும்னு."

கார்த்திகேசு நாள்காட்டியைப் பார்த்தார். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு தாள்கூட அஷ்டமிக்காகக் காத்திருந்து அவர் பார்த்ததில்லை.

"என் மருமவ மேல பழி போட்டேன்" என்றாள் இராஜம்மா. குரலில் சத்தமே இல்லை. "புனிதாவுக்கு அந்த நாயப் புடிக்காது. முடி கொட்டுது, புள்ளைக்கு இளுப்பு வருதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அவதான் போன் பண்ணி புடிச்சுக் குடுத்தான்னு ரோட்டுல நின்னு கத்துனேன். என்னென்ன வார்த்தை சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க உங்க கேட்டுல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அடுத்த வாரமே இராஜம்மாவின் மகன் குரு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் லோரியில் ஏற்றிக்கொண்டு செலாயாங் போய்விட்டான். தீபாவளிக்கு முதல்நாள் வந்து அரிசி மூட்டையைக் கேட்டுக்கு வெளியே இறக்கிவைத்துவிட்டுப் போவான். புனிதா நம்பரை மாற்றிவிட்டாள். பேரப்பிள்ளைகள் இப்போது எவ்வளவு உயரம் என்று இராஜம்மாவுக்குத் தெரியாது.

அவள் எழுந்துபோய்ப் பாரத்தை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு செலாயாங் பாசாருக்குப் போங்க. வெங்காயக் கடையில இருப்பா. என்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லுங்க. நான் போனா மூஞ்சியத் திருப்பிக்குவா. நீங்க படிச்சவங்க, சொன்னா கேப்பா. வந்து சொல்லுங்க. போட்டுத் தரேன்."

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு, சலவைச் சட்டையோடு, அழுகிய முட்டைக்கோஸ் இலைகளை மிதித்துக்கொண்டு கார்த்திகேசு மொத்தச் சந்தைக்குள் போனார். புனிதா தராசுக்குப் பக்கத்தில் நின்று வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவருக்கு மலாயில் மூட்டைக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தாள். சதை போட்டிருந்தாள். சந்தோஷமாகத் தெரிந்தாள். அவர் சொல்லச் சொல்ல வெங்காயத் தோலை ஊதிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"அது நீங்கதானா அங்கிள்? இத்தனை வருசமா உங்க பேருக்கில்ல நான் அர்ச்சனை பண்ணியிருக்கணும்!"

"என்னம்மா சொல்ற?"

"அந்த வீட்டுல நாலு வருசம் இருந்தேன். நாய்க்குக் கோழி ஈரலு, எனக்குக் கழுத்து. அந்தச் சண்டை மட்டும் வரலன்னா இன்னும் அங்கதான் வடை சுட்டுக்கிட்டுக் கிடப்பேன். இப்ப எனக்கு சொந்தக் கடை, என் புள்ளைங்களுக்குத் தனித்தனி ரூமு."

"அவங்களுக்கு வயசாகுது. பிள்ளைகளப் பார்க்கணும்னு..."

"மாமியா தெரியாமதான் பழி போட்டுச்சு, சரி. வாயில வந்த வார்த்தையும் தெரியாமத்தான் வந்துச்சா? நான் என்ன சாதி, எங்கம்மா எங்க படுத்து என்னப் பெத்தா, அதெல்லாம் நாயா அங்கிள் சொல்லிக் குடுத்துச்சு?" புனிதா சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "நான் சொல்லித்தான் நீங்க அந்த லெட்டரப் போட்டீங்கன்னு சொல்லிடுங்க. அப்பத்தான் இந்தப் பக்கம் வராது."

"அப்படிச் சொன்னா அவங்க..."

"தக்காளி வேணுமா அங்கிள்? கேமரன் மலைத் தக்காளி, இன்னிக்கு நல்லா இருக்கு லா."

மரியாதைக்கு இரண்டு கிலோ வாங்கினார்.

கிள்ளான் திரும்பும் நெடுஞ்சாலையில் யோசித்தார். உண்மையைச் சொன்னால் கையெழுத்து இல்லை. புனிதா சொல்லச் சொன்னதைச் சொன்னாலும் கையெழுத்து இல்லை. அவருக்குப் பொய் பிடிக்காது. வேலைக்காலத்தில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. 'உங்கள் மனு பரிசீலனையில் இருக்கிறது' என்பார். அது பொய்யில்லை, மெய்யென்றும் யாரும் நிரூபிக்க முடியாது. அந்த ஒரு வாக்கியத்தில் முப்பத்து மூன்று வருஷம் குடியிருந்தவர் அவர்.

இராஜம்மா அன்று வியாபாரத்துக்குப் போகவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னீங்களா?"

"எல்லாத்தையும் சொன்னேன்."

"அழுதாளா?"

"சிரிச்சாம்மா. நல்லா வாய்விட்டுச் சிரிச்சா." இது மெய்.

இராஜம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வருவாளா? ஞாயித்துக்கெழம கடை இருக்காதே. ஞாயித்துக்கெழம வருவாளா?"

"ஞாயித்துக்கிழமை கடை இல்லைதான்."

"புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டா?"

"பிள்ளைகள விட்டுட்டு எந்தத் தாயி வெளிய கிளம்புவா, இராஜம்மா?"

இதில் எங்கே பொய் இருக்கிறது? கார்த்திகேசு தம் மனசாட்சியைத் தடவிப் பார்த்தார். வழக்கம்போல் அது தாளைப் புரட்டிக்கொண்டிருந்தது. இராஜம்மா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பாரத்தை எடுத்தாள். அவர் குனிந்து முதுகைக் கொடுக்க, அந்த முதுகின்மேல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் தன் பெயரை எழுதினாள். மணி பதினொன்று. வெள்ளிக்கிழமை அது நட்டநடு ராகுகாலம். அவள் நாள்காட்டிப் பக்கமே போகவில்லை.

மூன்று மணிக்குக் கழகத்து முத்திரை விழுந்தது.

சனிக்கிழமை முழுக்க இரண்டு வீட்டிலும் தயாரிப்பு நடந்தது. இந்தப் பக்கம் கார்த்திகேசு சாக்கடை மூடிகளின் இடைவெளியில் குட்டியின் கால் மாட்டுமா என்று ஸ்கேல் வைத்து அளந்தார். அந்தப் பக்கம் இராஜம்மா மெத்தைகளை வெயிலில் போட்டு அடித்தாள். முறுக்கு பிழிந்தாள். உயரம் தெரியாததால் பேத்திக்கு மூன்று அளவில் கவுன் வாங்கி வந்தாள். கதவோர ஆணியில் ஆறு வருஷமாகத் தொங்கிய பிரவுனியின் கழுத்துப் பட்டையைக் கழற்றி, மருமகள் கண்ணில் படக்கூடாதென்று குப்பையில் போட்டாள். அதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்த ராஜினி கீழே வந்து கேட்டாள்.

"உண்மையா அந்தப் பிள்ளை வாறன் எண்டு சொன்னதோ?"

"வரமாட்டன் எண்டு அந்த வார்த்தையால சொல்லேல்ல" என்றார் கார்த்திகேசு, ஸ்கேலிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஞாயிறு பத்து மணிக்கு, ஏர்கோனை உச்சத்தில் வைத்த காரில் குட்டி வந்து இறங்கியது. சந்திலிருந்த பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்தார்கள். கரடிபோல் பாதம், சோகமான முகம். ரப்பர் பாயில் நாலடி நடந்து, ஏர்கோனுக்கு நேர் கீழே விழுந்து, மூச்சிரைத்துக்கொண்டு படுத்தது. கார்த்திகேசு வெளியே போய் மறுபடி உள்ளே நுழைந்து பார்த்தார். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

குட்டிகளுக்குக் கொஞ்சநாள் ஆகும் என்று தமக்குள் சொல்லிக்கொண்டே கேட்டைப் பூட்ட வெளியே வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இராஜம்மா நின்றுகொண்டிருந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. சந்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் நாயைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் முக்குச் சந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிராணியாரே, எத்தனை மணிக்குன்னு ஏதும் சொன்னாளா?"

கார்த்திகேசு பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது.

"செலாயாங்ல இருந்து வரணும் இல்லையா? ஞாயித்துக்கிழமைன்னா ரோடெல்லாம் ஜேம் லா, இராஜம்மா" என்றார்.

"ஆமா, ஜேம்" என்றாள் இராஜம்மா. நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து கேட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.